வீட்டை அளக்க வருகிறவர்களுக்கு: செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு வீடுகளையும் ஊருணிகளையும் கணக்கேடுகளையும் ஆய்வு செய்ய வரும் ஆராய்ச்சியாளர்களுக்கும், அவர்களை அனுப்பி வைக்கும் நெறியாளர்களுக்கும் வணக்கம்.

ஆராய்ச்சி இந்த ஊர்ப்பக்கம் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. கட்டிடவியல், பொருளறிவியல், நீரியல், மானுடவியல், பொருளாதார வரலாறு என்று பல துறையினரும் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பள்ளத்தூரிலும் கருவிப்பெட்டியோடு இறங்குகிறார்கள். வரட்டும். ஆனால் கட்டுரைகள் வெளிவந்த பிறகு எங்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் அளந்தது எதை? கட்டியவர் விட்டுப்போன வீட்டையா, இன்று பாதி சிமெண்டும் மீதி பூட்டுமாக நிற்கும் வீட்டையா?

முதலில் சுவர்ப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்த அடுக்கில் எது என்று எழுதுபவர் குறைவு. செட்டிநாட்டுப் பூச்சு ஒரே சாந்து அல்ல. அடியில் மணல் கலந்த கரடான சாந்து, அதன்மேல் சன்னமான சாந்து, கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய மிக மெல்லிய பூச்சு. வெள்ளைக்கரு சேர்வது அந்த மேல்பூச்சில். மூன்றையும் சேர்த்துச் சுரண்டி உரலில் அரைத்தால், இருக்கிற கொஞ்சப் புரதமும் மணலில் கரைந்துபோகும். பிறகு 'கரிமப் பொருள் தென்படவில்லை' என்று முடிவு எழுத வேண்டியதுதான். உருப்பெருக்கியின் கீழ் ஸ்கால்பெல் கத்தியால் அடுக்கடுக்காகப் பிரித்தெடுங்கள்.

அளவும் பெரிதாக வேண்டாம். வெப்ப எடையிழப்புச் சோதனைக்குச் சில பத்து மில்லிகிராம் போதும். கனிமங்களை அடையாளம் காணும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனைக்கு ஓரிரு கிராம். நுண்ணோக்கித் தகடு வெட்ட 2 சென்டிமீட்டர் உடையாத துண்டு ஒன்று. 50 கிராமுக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏற்கெனவே பெயர்ந்து நிற்கும் விளிம்பிலிருந்து எடுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே எடுத்தால் மண்ணிலிருந்து ஏறிய உப்பும் சேர்ந்து வரும். உப்பைத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அதைத் தனி மாதிரியாக எடுங்கள். கரிமச் சோதனைக்குப் போகும் மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். பையிலுள்ள நெகிழ்வூட்டிகள் வாயு நிறப்பகுப்புச் சோதனையில் வந்து நிற்கும். கண்ணாடிக் குப்பியோ அலுமினியத் தாளோ நல்லது. வெறுங்கையாலும் தொடாதீர்கள், கை வியர்வையிலும் புரதம் உண்டு.

புரதம் கிடைத்தவுடன் 'முட்டை' என்று எழுதிவிடுகிற வழக்கம் நிற்க வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 1650, 1540 என்ற அலைஎண்கள் அருகே தெரியும் மேடுகள் 'இங்கே ஏதோ புரதம் இருக்கிறது' என்பதைத்தான் சொல்லும். டிஸ்டெம்பர் என்ற பழைய சுவர்ச்சாயங்கள் சிலவற்றில் பால்புரதமான கேசீன் பசையாகச் சேர்ந்திருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் வவ்வால் எச்சம் சுவரில் நைட்ரேட்டை ஏற்றிவிடும், அதனால் நைட்ரஜன் இருப்பதை வைத்தும் புரதம் என்று சொல்ல முடியாது. முட்டைதான் என்று சொல்ல, முட்டைப் புரதத்தைத் தனியே அடையாளம் காணும் எதிர்ப்பொருள் சோதனை போன்ற ஒன்று வேண்டும். கருப்பட்டி இன்னும் சிக்கலானது. சர்க்கரை நீரில் கரையும், நுண்ணுயிருக்கும் இரையாகும். நூறு ஆண்டு கழித்துச் சர்க்கரை அகப்படவில்லை என்பதால் கருப்பட்டி சேர்க்கவில்லை என்றாகாது. கடுக்காய்க்குக் காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் ஆகியவற்றைத் தேடலாம். கால்சியம் ஆக்சலேட் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்: சாந்தில் சேர்த்த கரிமப்பொருளாலும் அது உருவாகலாம், சுவரில் படர்ந்த பூஞ்சையாலும் உருவாகலாம்.

சுண்ணாம்பு விகிதம் காண அமிலத்தில் கரைக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. சாந்தில் கிளிஞ்சல் துகளோ சரியாக வேகாத சுண்ணாம்புக் கல்லோ இருந்தால் அதுவும் சேர்ந்து கரையும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று கலந்த சாந்து ஒன்றுக்கு ஒன்றரை என்று காட்டும். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அமிலத்தை எடுங்கள்.

பழைய கலவையை ஆய்வகத்தில் மறுபடி செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். '5 விழுக்காடு கருப்பட்டி' என்று எழுதினால் எதில் 5? உலர்ந்த சுண்ணாம்பின் எடையிலா, நீற்றிக் குழைத்த சுண்ணாம்பின் எடையிலா? குழைந்த சுண்ணாம்பில் பாதியளவு தண்ணீர்தான். அதைச் சொல்லாவிட்டால் கொத்தனார் உங்கள் அளவை இரண்டு மடங்காகவோ பாதியாகவோ போடுவார். அடுத்தது 28 நாள் வலிமைச் சோதனை. அது சிமெண்டுக்கு வகுத்த கெடு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான் கல்லாகிறது. 7 சென்டிமீட்டர் கனசதுரத்தின் நடுப்பகுதிக்கு 28 நாளில் காற்றே போய்ச் சேராது. உடைத்த முகத்தில் ஃபினால்ஃப்தலீன் தெளித்துப் பாருங்கள்: ஓரம் நிறமின்றி இருக்கும், நடு இளஞ்சிவப்பாகும். அந்த நடு இன்னும் வெறும் நீற்றிய சுண்ணாம்பு. சிமெண்ட் போலத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைத்தாலோ, காற்று புக வழியே இல்லை. 90, 180, 365 நாட்களில் சோதியுங்கள். சுவரில் இருப்பது சில மில்லிமீட்டர் பூச்சு என்பதையும் மறவாமல், மெல்லிய தகடுகளையும் வார்த்துப் பாருங்கள்.

இடையில் ஒரு செலவையும் மிச்சப்படுத்தலாம். இந்த வீடுகளின் சாந்துக்கோ மரத்துக்கோ கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு வேண்டாம். ஏறத்தாழ 1650 முதல் 1950 வரை, கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் அளவீட்டு வளைவு ஏறி இறங்கித் தட்டையாகக் கிடப்பதால், 1880இல் கட்டியதா 1780இல் கட்டியதா என்று அது சொல்லாது. பர்மா தேக்கு என்றால் மரத்தின் வயதுதான் வரும், வீட்டின் வயது வராது. முகப்பில் பொறித்த ஆண்டையும் பெட்டியிலிருக்கும் கட்டுமானக் கணக்கையும் பாருங்கள். கீழடியும் இதே சிவகங்கை மாவட்டம்தான். அங்கே 2019இல் வெளியான பொ.ஆ.மு. 580 என்ற கணிப்பைப் பற்றி இன்றும் வாதிட முடிவதற்குக் காரணம், அந்த மாதிரி 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்ததுதான். சுவர் மாதிரிக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்: வீட்டின் எந்தக் கட்டு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எந்த அடுக்கு.

இனி வெப்பம். 'செட்டிநாட்டு வீடு குளுகுளு' என்று நிறுவ வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்துக்கு வந்து மாலை நாலுக்குப் போய்விடுகிறார்கள். பருத்த சுவரும், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்ட மெட்ராஸ் தளமும் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் திருப்பிக் கொடுக்கின்றன. பகலில் அளந்தால் வீடு புகழ் பெறும். இரவு ஒன்பதுக்கு அளந்தால் மனிதர்கள் ஏன் வளவு என்னும் நடுமுற்றத்திலும் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் படுத்தார்கள் என்பது புரியும். குறைந்தது 15 நாள், 24 மணி நேரமும், பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. சித்திரை வைகாசியில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை.

தரையில் உட்கார்கிறவரை 0.1, 0.6 மீட்டரில் அளக்க வேண்டும். நாற்காலிக்காரருக்கு உரிய 1.1 மீட்டர் மட்டும் போதாது. 150 மில்லிமீட்டர் கறுப்புக் கோள வெப்பமானி நிலைக்கு வர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அறை அறையாகத் தூக்கிக்கொண்டு ஓடிக் குறித்த எண்கள் முந்தைய அறையின் எண்கள். காற்று வேகத்துக்கு இறக்கை சுழலும் கருவி உதவாது: வளவில் காற்று விநாடிக்கு 0.1 முதல் 0.3 மீட்டர் வரை மெல்ல நகரும்போது அந்த இறக்கை அசையவே அசையாது. கட்டுரையில் வரும் பூஜ்யம் கருவியின் பூஜ்யம். சூட்டுக்கம்பிக் கருவி கொண்டுவாருங்கள். வெளி வெப்பநிலைக்கு மதுரை விமான நிலையத் தரவை எடுத்து ஒட்டாமல், நிழல்கூண்டுக்குள் உங்கள் கருவியையே வெட்டவெளியில் ஆளுயரத்தில் வையுங்கள். எங்கும் டேப் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது மெருகும் சேர்ந்து வரும்.

சூத்திரத்திலும் கவனம் வேண்டும். வெளிச் சராசரி 33 டிகிரி என்றால் ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் சூத்திரம் இதமான உள் வெப்பநிலை 28.0 என்கிறது, மக்கள் வெயிலுக்குப் பழகுவதைக் கணக்கில் எடுக்கும் இந்தியத் தகவமைவு மாதிரி 30.7 என்கிறது. எதை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து அதே வீடு தேறும், அல்லது தவறும். பிந்தையதும் ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் கேட்டுத் தொகுத்தது. வீடுகளுக்கென்று பிறகு தனி மாதிரியே வந்திருக்கிறது. எதைப் பயன்படுத்தினீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டின் நிலையை எழுதுங்கள். வளவின் மேல் கண்ணாடித் தகடு போட்டாயிற்றா? இரண்டாம் கட்டு பூட்டியிருக்கிறதா? மின்விசிறி ஓடியதா? பங்காளிகள் வெளியூரில் இருக்க, கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீட்டின் எண்களைக் குடியிருக்கும் வீட்டின் எண்கள் என்று எழுதினால், பாட்டன் கட்டிய காற்றோட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பெண் பூட்டுக்குப் போய்ச் சேரும். பங்காளிகள் என்றதும் ஒன்று: ஒரு வீட்டுக்குப் பல பங்குதாரர்கள். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டது ஒப்புதல் ஆகாது.

ஊருணி பற்றிச் சுருக்கமாக. 40 மீட்டர் சதுர ஊருணி, 30 மீட்டர் கட்டமுள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் இரண்டு கட்டம்கூட நிறையாது. 10 மீட்டர் கட்டமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 16 கட்டம் வரும். அவற்றில் 12 கரையோரக் கட்டங்கள், மண்ணும் நீரும் கலந்தவை. அல்லியோ ஆகாயத்தாமரையோ மூடிய ஊருணியை, படத்தில் நீரைக் கண்டறியும் நீர்க் குறியீடு வயல் என்று சொல்லும். ஐப்பசி மேகத்தில் ஒளிப்படமே கிடைக்காது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருணி வற்றியதற்கு மழையைக் குற்றம் சொல்லும் முன் வரத்துக்காலின் மட்டத்தைப் பாருங்கள். சாலையை ஒருமுறை உயர்த்திப் போட்டாலே தண்ணீர் வேறு பக்கம் போய்விடும்.

கணக்கேடுகளைத் தொடுகிறவர்களுக்கு. 5-8-0 என்பது 5.80 அல்ல, ஐந்து ரூபாய் எட்டணா, அதாவது 5.50. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (தம்பிடி). அட்டவணையில் ஏற்றும் முன் எல்லாவற்றையும் தம்பிடியாக்குங்கள், ரூபாய்க்கு 192. பழைய ஏட்டில் அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20. மாகாணியையும் மாவையும் குழப்பினால் வட்டி முழுதும் தப்பும். பிரபவ வருஷம் என்றால் 1867, 1927, 1987 மூன்றும் ஆகலாம். உடன் வரும் பெயர்களையும் முந்தைய பேரேட்டின் ஐந்தொகையையும் வைத்து முடிவு செய்யுங்கள். 1927இல் பிறந்த பிரபவத்தின் தை மாதம் 1928 ஜனவரியில் வரும். இதைக் கவனிக்காத வட்டி வரைபடங்களில் ஒவ்வோர் ஆண்டின் கடைசி மூன்று மாதமும் ஓராண்டு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

எஞ்சியிருக்கும் ஏடு எது என்பதும் கேள்வி. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்கள் அங்கே தங்கி வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளின் பெட்டிகளைத் தூக்கி வரவில்லை. பெரும்பாலும் நம்மிடம் இருப்பது ஊருக்கு அனுப்பிய நகலும் குடும்பக் கணக்கும்தான். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சுமார் 25 விழுக்காடு. கடன் நிலமாக மாறிய அந்தச் சில ஆண்டுகளை, மிஞ்சிய இரண்டு பேரேட்டை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. தப்பிப் பிழைத்த ஏடுகளை மட்டும் படிப்பது, தேறிய கிட்டங்கிகளை மட்டும் எண்ணுவதாகிவிடும்.

முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, மாதிரி எடுத்த இடங்களைக் குறித்த வரைபடத்தோடு வீட்டாருக்கும் ஊர் நூலகத்துக்கும் கொடுத்துவிட்டுப் போங்கள். சுவரில் எடுத்த குழியை நீரில் நனைத்து, நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் குழைத்து, இரண்டு தடவையாக அடையுங்கள். வெள்ளைச் சிமெண்ட் வேண்டாம். வைத்தால், அடுத்து வருகிறவர் உங்கள் ஒட்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டு போவார்.

இப்படிக்கு,
சுண்ணாம்பு வேலையும் ஏடு படிப்பதும் ஊருணி பார்ப்பதுமாகச் செட்டிநாட்டில் இருக்கும் சிலர்