பனியைத் தொட விடு, மக்களே

குளச்சல்
மார்கழி 4

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. வடகிழக்கு மழை இன்னும் முழுசாக விடவில்லை, நேற்று ராத்திரியும் ஒரு பாட்டம் கொட்டியது. நம் தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்குகிறது. மேலவீட்டுப் பிள்ளைகள் வைக்கோலும் ஓலையும் கொண்டுவந்து புல்கூடு கட்டுகிறார்கள். விடியற்காலம் மட்டும் லேசாகக் குளிர் உண்டு. அந்தக் குளிருக்கே அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் மகன் நினைவுதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ கனடாவிலிருந்து போனில் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "பிள்ளை நாலு சுவருக்குள்ள கெடந்து அழுதுட்டு கெடக்கான் அம்மா, இந்த வின்னிபெக் குளிர்ல நான் எங்க கொண்டுபோய் விளையாட விட?" என்றாய். கடையில் வாங்கிய பெட்டியில் வெட்டி வைத்த பனிமனிதன், ஒட்டுவதற்குப் பஞ்சு, மூக்குக்கு ஆரஞ்சுத் தாள் எல்லாம் இருந்ததாம். அவன் பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டானாம். வேலை முடிந்து வந்து ராத்திரி பதினொரு மணிக்கு நீயே ஒட்டி, மறுநாள் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பினாயாம். கடைசியில், "அவனுக்குக் கைவேலை வராது போல" என்றும் சொன்னாய். நாலு வயசுப் பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு சொல் சொல்லாதே, மக்களே. அந்தச் சொல்லை நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நானும் அதையேதான் செய்தேன். அங்கன்வாடியில் சேர்ந்த புதிதில், குளிர்காலம் என்று ஒரு படம் சுவரில் மாட்ட வேண்டியிருந்தது. மேலே இருந்து ஆள் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டதும், பதினெட்டுப் பிள்ளைக்கும் பதினெட்டுப் பனிமனிதனை நானே வெட்டி, நானே பஞ்சு ஒட்டி, வரிசையாக மாட்டினேன். வந்தவர்கள் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் போன பிறகு, கடற்கரைத் தெருவிலிருந்து வரும் ஒரு பையன் அந்தப் படத்தின் கீழே நின்றுகொண்டு, "டீச்சர், இது சுடுமா?" என்று கேட்டான். உச்சிவேளையில் கடற்கரை மணலில் ஓடிய கால் அவனுக்கு. வெள்ளையாகக் குவிந்து கிடப்பதெல்லாம் சுடும் என்பதுதான் அவன் அறிந்தது. "சுடாது மக்களே, குளிரும்" என்றேன். அவன் நம்பவில்லை. அவன் நம்பும்படி காட்ட என்னிடம் பஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் உடைந்த பாளம் ஒன்றைச் சாக்கில் உமி போட்டுச் சுற்றி, சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். அதை முற்றத்தில் பழைய அண்டாவுக்குள் இறக்கினோம். பிள்ளைகள் முதலில் கிட்டே வரவில்லை. சுடுமா என்று கேட்டவன்தான் முதலில் கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்து உதறிக்கொண்டு, "சுடுது டீச்சர்!" என்று கத்தினான்.

அவன் சொன்னதும் சரிதான். பிடிக்க முடியாத குளிர் தோலுக்குச் சூடு மாதிரியேதான் படும். அன்று மதியம்வரை ஒரு பிள்ளைகூட அழவில்லை. ஒருத்தி அதன்மேல் செம்பருத்திப் பூவை ஒட்ட வைத்துப் பார்த்தாள். ஒருத்தன் புளியங்கொட்டையை உருட்டிவிட்டான். வடிந்த தண்ணீரில் விரலை நனைத்துத் திண்ணையில் மீன் வரைந்தார்கள். அது காய்ந்து மறைய மறைய மறுபடியும் வரைந்தார்கள். நீ அப்போது நாலு வயசு. உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, ஒரு துண்டை எடுத்து உன் அலுமினியப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாய். வீட்டுக்கு வந்து திறந்தால் சிலேட்டும் பெட்டியும் நனைந்து கிடந்தது. "எனக்க ஐஸை ஆரோ எடுத்துட்டாவ" என்று சோறு தின்னாமல் அழுதாய்.

அதற்குப் பிறகு நான் ஒரு பிள்ளைக்கும் வெட்டிக் கொடுத்தது கிடையாது. கை முதலில் அறிய வேண்டும், படம் தானாக வரும். உன் மகன் பஞ்சைப் பிய்த்ததில் தப்பே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மெய்யான பனி மலையாகக் கிடக்கும்போது பஞ்சு எதற்கு அவனுக்கு?

நீ அனுப்பிய வீடியோவில் அவன் பனியை உருண்டை பிடிக்கப் பார்க்கிறான், பொடிப்பொடியாக உதிர்ந்து போகிறது, கோபம் வந்து காலால் தட்டுகிறான். அது அவன் கைக்குற்றம் இல்லை. கடுங்குளிரில் விழும் பனியில் ஈரமே இருக்காது, அது ஒட்டாது. நம் வீட்டுப் புட்டுமாவை நினைத்துக்கொள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அந்தப் பக்குவம் பனிக்கு வருவது குளிர் பூஜ்ஜியத்துக்குக் கிட்டே இருக்கும் நாளில்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம். பெரிய தொட்டி நிறைய அள்ளிக்கொண்டு உள்ளே வா. குளியலறையில் பழைய விரிப்பைப் போட்டு அவனை உட்கார வை. வீட்டுச் சூட்டில் கொஞ்ச நேரத்தில் பனி பதமாகிவிடும். அவனிடம் மாவுக்கரண்டி, சிரட்டை, நான் கொடுத்துவிட்ட புட்டுக்குழல் எல்லாவற்றையும் கொடு. குழலில் அடைத்துத் தள்ளட்டும், பாட்டிக்குப் புட்டு அவிக்கட்டும். மூக்கு வைத்த பனிமனிதன் வந்தால் வரட்டும், வராவிட்டால் வேண்டாம். விளையாடி முடிந்ததும் ஒரு டம்ளர் நிறையப் பனியை அடைத்து, எதுவரை நிற்கிறது என்று அவனையே கோடு போடச் சொல். உருகின பிறகு பார்க்கச் சொல். புதுப்பனி என்றால் பத்துப் பங்கு சேர்ந்தால்தான் ஒரு பங்கு தண்ணீர் தேறும். மீதி எல்லாம் காற்று. அவன் முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு எழுது.

அடுத்தது கோலம். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகத் துடித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு புள்ளி, நாலுவரை இடுக்குப் புள்ளி வைத்து மார்கழியில் வாசலில் போடுவோமே, அதன் ஓரத்தை இணைத்துப் பார்த்திருக்கிறாயா? சரியாக ஆறு பக்கம். பனித்துகளும் ஆறு பக்கம்தான். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோத்துக்கொள்வதால் அப்படி. நேர்ப்புள்ளியில் அந்த உருவம் வராது, இடுக்குப் புள்ளியில்தான் வரும். நாலு வயசுப் பிள்ளைக்கு ஏழு புள்ளி வரிசை பெரிது. நீ இரண்டு, மூன்று, இரண்டு என்று மொத்தம் ஏழு புள்ளி மட்டும் வைத்துக் கொடு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. நடுப்புள்ளியிலிருந்து ஆறு கோடு அவன் இழுத்தால் போதும், பனி நட்சத்திரம் ஆகிவிடும். இங்கே மண்ணில் வெள்ளைக்கோலம் போடுகிறோம், உனக்கு அங்கே தரையே வெள்ளை. அதனால் மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் தண்ணீரில் கலந்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் ஊற்றிக் கொடு. பனிமேல் பிழிந்து பிழிந்து வரையட்டும். வாயில் வைத்தாலும் பயமில்லாத நிறம் அது.

கோலம் போட்ட அன்றே மெய்யான துகளையும் காட்டிவிடு. ஒரு கறுப்புத் துணியை அரைமணி நேரம் வெளியே போட்டுவை. துணி நன்றாகக் குளிர்ந்த பிறகு விழும் பனியை அதில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மூச்சு மட்டும் படக் கூடாது, உடனே உருகிவிடும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். அவருடைய அம்மா டீச்சராக இருந்தவர். அந்த அம்மா கொடுத்த பழைய நுண்ணோக்கியில்தான் பையன் பனியைப் பார்க்கத் தொடங்கினான். 1885 ஜனவரி 15ஆம் தேதி, பத்தொன்பது வயசில், நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி முதல் பனித்துகளைப் படம் பிடித்தார். 1931இல் கண்மூடும்வரை ஐயாயிரத்துக்கும் மேலே எடுத்தார். இதைப் படித்தபோது அந்த அம்மாவைத்தான் நான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐஸ் விஷயம் அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஆரஞ்சு வட்டம், கிராம்பு, அவன் பொறுக்கி வரும் சருகு எதையாவது போட்டு, ஒரு கயிற்று நுனியை அதற்குள் விட்டு ராத்திரி வெளியே வைத்துவிடு. காலையில் கழற்றி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் வெயில் பட்டு மின்னும். கண்ணாடிப் பாட்டிலில் மட்டும் செய்யாதே. உறையும்போது தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும், பாட்டில் வெடித்துவிடும். ஓரம் தெளிவாகவும் நடு வெள்ளையாகவும் இருப்பதை அவனுக்குக் காட்டு. உறைதல் ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும், தண்ணீரில் கலந்திருந்த காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். கம்பெனிப் பாளமும் அப்படித்தான் இருக்குமாம். தெளிந்த துண்டு ஒன்றைத் துணியில் கட்டி, நீ பிடித்துக்கொள்ள அவன் சுத்தியலால் தட்டட்டும். தெளிந்த ஐஸ் நொறுங்கியதும் வெள்ளையாகிவிடும். பனி ஏன் வெள்ளை என்று அவன் கேட்டால் அதுவே பதில்.

பிறகு ஒரு கட்டியின்மேல் கல்லுப்பைத் தூவி, நிறத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல். உப்பு பட்ட இடம் உருகிக் குழியும், நிறம் அந்தக் குழி வழியே வேர் மாதிரி உள்ளே இறங்கும். அரைமணி நேரம் அசையாமல் பார்ப்பான். ஆனால் உப்புப் போட்ட ஐஸை வெறுங்கையில் பிடிக்க விடக் கூடாது. உப்பும் ஐஸும் சேர்ந்தால் குளிர் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிடும். கம்பெனியில் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் டப்பாக்களை இறக்கி வைத்தே ஐஸ் செய்ததும் இதனால்தான், அந்தத் தண்ணீர் உறையாமலே நல்ல தண்ணீரை உறைய வைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அந்த நீரில் கைவிட்டு அப்பாவின் தோல் உரிந்தது. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொட்ட விடுவதற்கு மட்டும் அவன் கை, தூவுவதற்கு உன் கை.

வெளியே போகவே முடியாத நாளுக்கு: வெள்ளைத்தாளில் மெழுகுதிரித் துண்டால் கிறுக்கச் சொல், ஒன்றும் தெரியாது. மேலே நீலத்தண்ணீர் பூசினால் அவன் கிறுக்கியது வெள்ளையாக எழுந்து வரும். அங்கன்வாடியில் பிள்ளைகள் இதை "பூதம்" என்பார்கள். உடம்பு அசைய வேண்டும் என்றால் காலுறைப் பந்தை அவன் பாதத்தின்மேல் வைத்து, கீழே விழாமல் நடக்கச் சொல். பேரரசப் பென்குயினில் அப்பாதான் இப்படி முட்டையைக் காலில் வைத்து இரண்டு மாதம் அடைகாக்கும். மருமகனும் சேர்ந்து நடக்கட்டும்! சோப்புக்குமிழியும் ஊது. குளிர் மைனஸ் பதினைந்து போல இருக்கும் காற்றில்லாத காலையில் மெதுவாக ஊதினால் குமிழியின் தோலில் இறகு இறகாகப் பனி படரும். சோப்புத்தண்ணீரில் கொஞ்சம் சீனி கரைத்துக்கொள்.

ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் போதும், மூக்கும் விரலும் சிவந்தால் உள்ளே தூக்கிக்கொண்டு வந்துவிடு. உடுப்பு போடவே அரைமணி நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்கிறாய். அதையும் அவனையே போட விடு, பட்டன் போடுவதும் ஜிப் இழுப்பதும் அந்த வயசுக்குப் பெரிய கைவேலை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவன் வரைந்ததன்மேல் நீ ஒரு கோடும் இழுக்காதே. பனியை அவன் கறுப்பாகப் பூசினால் ஏன் என்று மட்டும் கேள். ஒருவேளை தெருவோரத்து அழுக்குப்பனியைப் பார்த்திருப்பான்.

தேரூர் குளத்துக்கு வடக்கேயிருந்து பறவைகள் வந்தாகிவிட்டது. 2022இல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளை ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்த பிறகு பார்க்க வரும் கூட்டமும் கூடிவிட்டது. குளிருக்குத் தப்பி வந்தவர்கள் பாட்டாவின் ஊரில்தான் இருக்கிறார்கள் என்று அவனிடம் சொல். அவன் உள்ளங்கையை நிறத்தில் தோய்த்துத் தாளில் பதித்தால் பறவைச் சிறகு மாதிரி வரும். ஒன்று எங்களுக்கு அனுப்பச் சொல், திண்ணையில் ஒட்டி வைக்கிறோம்.

வைகாசியில் நாங்கள் அங்கே வரும்போது பனி எல்லாம் போயிருக்கும் என்கிறாய். அப்பா ஐஸோடு இருபத்திரண்டு வருஷம் கிடந்தவர், பனியைத் தொட்டதில்லை. அதனால் உன் மகனிடம் சொல்லி, அவன் கையால் ஓர் உருண்டை பிடிக்கச் சொல். அதை ஒரு பையில் கட்டி, உன் ஃப்ரீசரில் கீழ்த்தட்டில் வைத்துவிடு. பாட்டாவுக்கு என்று மேலே எழுதி வை. ஆரும் எடுக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்
அம்மா