இரு வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் செய்து வைத்த பெற்றோர்களே, அவர்களுக்குள் சண்டை என்றதும் ஊரிலிருந்து கிளம்பி வந்து பஞ்சாயத்து பேசும் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன்களே,

வணக்கம்.

நான் திருச்சியில் தம்பதிகளுக்குக் கவுன்சலிங் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு முறையாவது உட்கார்ந்து எழுந்த பிறகே வருகிறார்கள். அங்கே நடந்ததை அவர்கள் வாயால் கேட்டுக் கேட்டு, உங்களிடமே நேராகப் பேசிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். எந்த ஒரு வீட்டுக் கதையும் அப்படியே இதில் இல்லை. பல வீடுகளுக்குப் பொதுவானதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. லீவு போட்டு, ராத்திரி பஸ் பிடித்து, பிள்ளைகள் நன்றாக வாழ வேண்டும் என்றுதான் வருகிறீர்கள். ஆனால் வந்து உட்கார்ந்ததும் "யார் மேல தப்பு?" என்று ஆரம்பிக்கிறீர்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கூடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சோபாவில் சம்பந்திகள், பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாமாக்கள். பையன் சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். பெண் சமையலறை வாசலில். "இந்தப் பொண்ணுக்கு நாங்க என்ன குறை வச்சோம்?" என்று ஒருவர் தொடங்குவார். உடனே பெண்ணின் அம்மா செல்போனை எடுத்து, மாப்பிள்ளை கோபத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டுவார். நள்ளிரவில் கணவன் மனைவிக்கு அனுப்பியது, அவனைப் பெற்றவர் உட்பட அத்தனை பேர் காதிலும் விழும். அதற்குப் பிறகு அந்த இருவரும் வாய் திறப்பதில்லை. பேசுவது இரண்டு குடும்பங்கள். நகை, சீர், வளைகாப்புக்கு யார் வரவில்லை, மண்டபத்தில் யாரை மதிக்கவில்லை என்று எங்கெங்கோ போய், கடைசியில் "இனிமேலாவது ஒழுங்கா இருங்க" என்று முடியும். சமாதானம் ஆகிவிட்டது என்று நீங்கள் ஊர் திரும்புகிறீர்கள். அவர்களோ, அடுத்த முறை சண்டை வந்தால் உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

என் அறையில் அதே சண்டை வேறு மாதிரி தெரிகிறது. அவன் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வருகிறான். "ஏன் லேட்டு?" என்கிறாள். பகல் முழுக்கத் தனியாக இருந்தவளின் ஏக்கம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அவன் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. "வேலை" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொள்கிறான். பேசினால் சண்டை வரும், சும்மா இருந்தால் அடங்கிவிடும் என்பது அவன் கணக்கு. அவள் குரல் உயர்கிறது. அவன் எழுந்து மொட்டை மாடிக்குப் போகிறான். அவள் பின்னாலேயே படியேறுகிறாள். அவன் ஒதுங்க ஒதுங்க இவள் துரத்துகிறாள், இவள் துரத்தத் துரத்த அவன் ஒதுங்குகிறான். தம்பதிகளை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டு எழுதிவைத்த சுழற்சி இது. அவளைக் கேட்டால், அவர் பேசாததால்தான் கத்துகிறேன் என்பாள். அவனைக் கேட்டால், அவள் கத்துவதால்தான் பேசுவதில்லை என்பான். இரண்டும் உண்மை. இதில் நீங்கள் யாருக்குத் தீர்ப்பு எழுதுவீர்கள்?

1980-களில் அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள், தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து, அவர்களுக்குள் சண்டை மூட்டும் விஷயத்தையே பேசச் சொல்லி, இதயத்துடிப்பையும் வியர்வையையும் அளந்தார்கள். நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது, உடம்பு அடங்க 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார் காட்மன். "கல்லு மாதிரி நிக்கிறான் பாருங்க" என்று நீங்கள் சொல்லும் பையனுக்கு உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட நேரத்தில் எதிரெதிரே நிறுத்தி "இப்பவே பேசித் தீர்த்துக்குங்க" என்றால் எப்படிப் பேசுவார்கள்?

காட்மனின் இன்னொரு கண்டுபிடிப்பை உங்கள் வயதுக்காரர்கள் சட்டென்று ஒத்துக்கொள்வீர்கள். தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் சுமார் 69 விழுக்காடு தீராதவை. குணத்திலிருந்தும் வளர்ந்த விதத்திலிருந்தும் வருபவை. நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான். உங்கள் வாழ்க்கையையே நினைத்துப் பாருங்கள். செலவு விஷயத்திலோ, நாத்தனார் விஷயத்திலோ, முப்பது வருஷமாக அதே சண்டைதானே? அதோடு சேர்ந்துதானே வாழ்ந்துவிட்டீர்கள்? உறவை அரிப்பது கருத்து வேறுபாடு இல்லை, இளக்காரம். கண்ணை உருட்டுவது, பேச்சைப் பழித்துக் காட்டுவது, "உங்க வீட்டு வளர்ப்பு அப்படி" என்பது. விவாகரத்தை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளில் இதைத்தான் காட்மன் முதலில் வைக்கிறார். வருத்தத்தோடு சொல்கிறேன், கூடத்தில் அதிகம் புழங்குவது இந்த இளக்காரம்தான். ஒவ்வொரு மாமாவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அப்புறம் ஒரு விஷயம், கூச்சத்தை விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணமான மூன்றாம் மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பிக்கிறீர்கள். அப்படிக் கேட்கப்படுகிறவர்களில் சிலருக்குத் தாம்பத்தியமே இன்னும் தொடங்கியிருக்காது. வெறுப்பினால் இல்லை. வஜைனிஸ்மஸ் என்று ஒன்று உண்டு. பெண் விரும்பினாலும்கூட, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்படித் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். முயன்றால் தாங்க முடியாத வலி. அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆணுக்குப் பதற்றத்தில் விறைப்பு வராமல் போவதும் சகஜம். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. தசையைத் தளர்த்தும் பயிற்சி, சிறியதில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் டைலேட்டர்கள் என்ற, உள்ளே வைத்துப் பழக்கும் குழாய் போன்ற கருவிகள், இருவருக்கும் சேர்த்து ஆலோசனை என்று பொறுமையாகச் செய்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். ஆனால் என்னிடம் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் ஜோசியம், பரிகாரம், குழந்தையின்மை சிகிச்சை எல்லாம் ஆகியிருக்கும். தனியறையில் கேட்க வேண்டிய ஒரு எளிய கேள்வியை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. விசேஷம் கேட்பதை நிறுத்தினாலே அவர்களுக்குப் பாதி மூச்சு வந்துவிடும்.

"ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்பதையும் தயவுசெய்து மருந்தாகச் சொல்லாதீர்கள். முதல் குழந்தைக்குப் பிறகு பல தம்பதிகளுக்குள் நெருக்கம் குறைவதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. நம் வழக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்புகிறாள். இருவரும் மிக நெருங்கி இருக்க வேண்டிய காலத்தில் ஆளுக்கொரு ஊரில். வழக்கத்தை விடச் சொல்லவில்லை, அவளுக்கு அம்மா வேண்டும். மாப்பிள்ளையையும் விருந்தாளியாக நடத்தாமல், ராத்திரி குழந்தை அழுதால் எழுந்து தூக்கவிடுங்கள். தாய் காரணமில்லாமல் அழுதாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ, அது திமிர் இல்லை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பத்தே கேள்விகளில் அதைக் கண்டறிய உதவும் ஒரு படிவம் 1987 முதல் இருக்கிறது. டாக்டரிடம் கேளுங்கள்.

இதுவரை சொன்னது எதுவும் அடி விழும் வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே யார் மேல் தப்பு என்பதில் குழப்பமே இல்லை. கை ஓங்கியவர் மேல்தான். "அவ வாயை அடக்கியிருந்தா அவன் ஏன் அடிக்கப்போறான்?" என்று தயவுசெய்து யாரும் பேசாதீர்கள். அங்கே சமரசமும் பேச வேண்டாம். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து நானும் கவுன்சலிங் செய்ய மாட்டேன். என் எதிரில் அவள் சொன்ன உண்மைக்கு வீட்டில் போய் அடி வாங்குவாள். முதல் வேலை அவளையும் குழந்தைகளையும் பத்திரமாக வைப்பது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. வசவும், கைச்செலவுக்குக் காசு தராமல் முடக்குவதும், பாலியல் துன்புறுத்தலும் அதில் அடங்கும். அந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கவும் அவளுக்கு உரிமை தருகிறது. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் இருக்கிறது. பெற்றவர்களே, அவள் பையோடு வாசலில் வந்து நின்றால், "ஊர் என்ன சொல்லும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

சரி, மற்ற சண்டைகளுக்கு என்னதான் செய்வது? மகனோ மகளோ போன் செய்து அழுதால், உடனே சம்பந்திக்குப் போன் போடாதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டு, முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். "உனக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அழுதது போதும். அவர்கள் மெசேஜை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். "வாழவே பிடிக்கலை" என்று சொன்னால் மிரட்டுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல் கூட இருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 2022 முதல் இருக்கிறது, பலருக்கும் இன்னும் தெரியவில்லை.

கவுன்சலிங்குக்குப் போகிறோம் என்று அவர்களே சொன்னால், "பைத்தியமா உங்களுக்கு?" என்று கேட்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு வருகிறவர்களைவிட, பேச்சு குறைகிறதே என்று கவலைப்பட்டு வருகிறவர்களிடம் செய்வதற்கு நிறைய இருக்கிறது. துணைக்கு வருவதென்றால் வாருங்கள். வெளியே உட்காருங்கள். அவர்கள் வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசினீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். என்னிடம் போன் செய்து கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
ஒரு குடும்பநல ஆலோசகர்,
திருச்சி.