மான் விழும் மனைக்கும் அனுமதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நியூ ஜெர்சி புறநகர்த் தோட்டங்களை மான்கள் மேய்ந்து தீர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பாதிப்பைச் சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் வீடுகள் நெருங்கிய ஊரில் வில் வேட்டைக்கு இடமே கிடையாது என்று முடித்ததை ஏற்க முடியவில்லை. இடம் இருக்கிறது. தேடுகிறவர்கள் பெரிய காட்டையே தேடுவதால் கண்ணில் படுவதில்லை.

முதலில் அடிக்கணக்கு. கட்டடத்திலிருந்து துப்பாக்கிக்கு 450 அடி விலக்கு. வில்லுக்கு அதை 2010-இல் 150 அடியாகக் குறைத்தார்கள். 150-க்கும் 450-க்கும் நடுவே இருப்பவர் தரையில் நின்று எய்யக் கூடாது. மரப் பரண் போன்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும். குறி தவறினாலும் அம்பு மண்ணில் குத்தி நின்றுவிடும். பள்ளி விளையாட்டுத் திடல் பக்கத்தில் இருந்தால் வில்லுக்கும் 450 அடிதான். வேட்டைக்கு அனுமதி கொடுத்த நில உரிமையாளரின் வீட்டை மட்டும் அளந்துவிட்டுப் பரண் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அடுத்த விதியில்தான். அக்கம்பக்கத்துக் கட்டடம் ஒவ்வொன்றிலிருந்தும் 150 அடி இருக்க வேண்டும். குறைந்தால் அந்த வீட்டுக்காரரின் எழுத்து அனுமதியும் தேவை.

150 அடி ஆரத்தில் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டால் அதுவே 1.6 ஏக்கர். அரை ஏக்கர் மனை சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 148 அடிதான் வரும். ஆகவே ஒரே வீட்டின் கொல்லையில் இடம் தேடிப் பயனில்லை. நான்கைந்து மனைகள் முதுகு சேருமிடத்தில் ஓடும் ஓடை, சதுப்பு, மழைநீர்க் குட்டையை ஒட்டிய புதர், இவற்றைத்தான் வான்படத்தில் பார்க்க வேண்டும். பெண்மான் சின்ன வட்டாரத்துக்குள்ளேயே குட்டிகளோடு சுற்றும். பகலில் அந்தப் புதரில் படுத்துக் கிடந்து, இருட்டியதும் தோட்டத்து ஹோஸ்டா அழகுச்செடியைத் தின்ன வரும். மூன்று ஏக்கர் துண்டுகூட வேலைக்கு ஆவது இதனால்தான்.

நிலம் யாருடையது என்று அறிய, கவுண்டி (மாவட்ட) வரிப் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மனைக்கும் பிளாக் எண், லாட் எண், வகைக் குறியீடு இருக்கும். 2 என்பது குடியிருப்பு. தேட வேண்டியவை வேறு: 1 என்றால் காலி மனை, 3பி என்றால் விவசாய வரிச்சலுகை பெற்ற நிலம், 15டி என்றால் தேவாலயம் அல்லது தொண்டு நிறுவனம், 15இ என்றால் கல்லறைத் தோட்டம். இவற்றில் 3பி தங்கம். 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சலுகைக்குக் குறைந்தது ஐந்து ஏக்கரில் சாகுபடி நடக்க வேண்டும். அதனால் வீடுகளுக்கு நடுவிலேயே வைக்கோல் புல்லும் சோயாவும் விறகு மரமும் வளர்க்கும் துண்டுகள் கிடைக்கின்றன. முளைத்து வந்த சோயாவை விதையிலைக்குக் கீழே மான் கடித்துவிட்டால் அந்தச் செடி தேறாது. நஷ்டத்தை டாலரில் எண்ணிப் பார்க்கும் விவசாயி உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். வரி ரசீது போகும் முகவரி வெளியூராக இருந்தால் கதவைத் தட்டிப் பயனில்லை, கடிதம் போடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பொதுநிலத்துக்கு அங்கே குடியிருக்கும் ஒருவர் “சரி” சொன்னது செல்லாது. சங்க நிர்வாகக் குழுவின் எழுத்து வேண்டும். மின்கோபுரப் பாதையிலும் கவனம்: கம்பி நிறுவனத்துடையதாக இருக்கலாம், கீழே உள்ள மண் பல இடங்களில் வீட்டுக்காரர்களுடையது.

அனுமதி கேட்க வேண்டிய காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை. செப்டம்பரில் சீசன் தொடங்கும் வாரம் போய் நின்றால் நான்காவது ஆளாக நிற்பீர்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், சாதாரண உடையில், ஒருவர் மட்டும் போக வேண்டும். வில்லை வண்டியில்கூட வைத்திருக்க வேண்டாம். மானை எப்படிக் கொல்வோம் என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் வீட்டு வேலியோரச் செடியின் ஒரு கிளையைக் காட்டுங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பற்றி இழுத்துப் பிய்க்கும். அதனால் மான் தின்ற நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த நுனி கத்தியால் சாய்த்துச் சீவினாற்போல் வழவழப்பாக இருக்கும். வேலிமரம் நெஞ்சுயரம் வரை மொட்டையாகி, அதற்கு மேல் மட்டும் பச்சையாக நின்றால் வேறு சாட்சி தேவையில்லை.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்: பிளாக், லாட் எண்கள், தேதிகள், எத்தனை பேர், வண்டி எண், எங்கே நிறுத்துவது, எந்த மரத்தில் பரண், என்றைக்கு அகற்றுவது. பணம் மட்டும் கொடுக்காதீர்கள். கட்டணம் வாங்காமல் வேட்டைக்கு இடம் தரும் நில உரிமையாளருக்கு இங்கே பொறுப்பு விலக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. பணம் கைமாறினால் அந்தக் காப்பு போய்விடும். விபத்து என்றால் வழக்கு வருமே என்று தயங்குபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தனியார் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வில் வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் தேவாலய நிலமானால் ஞாயிறு காலையை விட்டுவிடுவதே மரியாதை.

இனி, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. அம்பு பட்ட மான் பட்ட இடத்தில் விழுவதில்லை. இரண்டு நுரையீரலும் துளைபட்ட மான்கூட 50 முதல் 100 கஜம் வரை ஓடும். 100 கஜம் என்றால் 300 அடி. அரை ஏக்கர் மனைகள் வரிசையாக இருக்கும் தெருவில் இரண்டு மனை தாண்டி, யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தைகளின் ஊஞ்சலடியில் போய் விழும். அந்த மனைக்குள் கேட்காமல் நுழைந்தால் அத்துமீறல். கேட்கலாமென்று ஒரு மணி நேரம் காத்திருந்தால் அதற்குள் போலீஸ் வந்திருக்கும். மறுநாளே முதல் அனுமதியும் ரத்தாகும். எனவே பரண் மரத்தை மையமாக வைத்து 150 கஜ வட்டம் போடுங்கள். அதற்குள் வரும் எல்லா வீடுகளுக்கும் சீசனுக்கு முன்பே போய், “வேட்டைக்கு அல்ல, அடிபட்ட மானைத் தேடி எடுக்க மட்டும்” என்று தனியாக ஒரு கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். யாராவது ஒருவர் மறுத்தால், மான் அவர் வீட்டுப் பக்கம் ஓட வாய்ப்பில்லாத மரமாகப் பார்த்துப் பரணை மாற்றுங்கள். அப்படி ஒரு மரமே இல்லையென்றால் அந்த நிலத்தை விட்டுவிடுங்கள்.

எய்வதிலும் அதே கணக்குதான். 20 கஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும் அல்லது சற்று அப்பால் திரும்பிய மானை மட்டும். பரண் 18, 20 அடிக்கு மேல் போனால் கோணம் செங்குத்தாகி ஒரு நுரையீரல்தான் துளைபடும். அந்த மான் அரை மைல் போகும். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். குறைந்தது நான்கு மணி நேரம். அம்பில் பச்சை ஒட்டி நாறினால் வயிறு. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். வயிற்றில் பட்ட மானை மாலையில் எய்திருந்தால், நடு இரவில் டார்ச்சோடு கொல்லை கொல்லையாக அலைய நேரும். சந்தேகமான மானை மாலையில் விட்டுவிட வேண்டும் என்பது இதனால்தான். பரணில் ஏறும்போதே, தரையிலிருந்தே, பாதுகாப்புப் பட்டையைக் கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள். அடிபடுகிறவர்களில் பலர் ஏறி இறங்கும்போது விழுந்தவர்கள்.

குடலை அங்கேயே உருவிப் போடாதீர்கள். தார்ப்பாயில் மூடி முழுசாக வண்டியேற்றுங்கள், வீழ்த்திய மானை அன்றே மாநில வேட்டைத் துறையிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு மிஞ்சும் இறைச்சியை ஹன்டர்ஸ் ஹெல்ப்பிங் த ஹங்ரி என்ற தொண்டு அமைப்பு வழியாக உணவு வங்கிகளுக்குக் கொடுக்கலாம். நிலக்காரரிடம் அதையும் சொல்லுங்கள். தயங்கிய பலர் அதைக் கேட்டு மனம் மாறுகிறார்கள்.

எடிசன், பிளெய்ன்ஸ்பரோ, மன்றோ பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் வாசகர்களின் கதவையும் ஒருநாள் யாராவது தட்டலாம். வேட்டை என்றதும் பதறிக் கதவைச் சாத்த வேண்டாம். வில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பரண் கட்டப்போகும் மரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். மான் ஓடினால் எந்த வீட்டுப் பக்கம் போகும், அந்த வீட்டுக்காரரிடம் பேசியாகிவிட்டதா என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாதவரை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மிடில்செக்ஸ் கவுண்டி, நியூ ஜெர்சி