பேர் போட வேண்டாம் என்ற பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

உங்கள் பேர் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் நன்றி சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

எங்கள் சமையல்கட்டிலிருந்து வண்டியில் வீடு வீடாகப் போகிற மதியச் சாப்பாட்டில், நேற்று 1.20க்குக் கடைசிச் சாப்பாடும் போய்ச் சேர்ந்துவிட்டது. சாம்பார் சூடாகவே இருந்ததாம். தை மாதத்திலிருந்து நாங்கள் பட்ட பாடு தண்டையார்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். சமையல்கட்டையே மூடிவிடலாம் என்று நானே வாய்விட்டுச் சொன்னதும் தெரியும். அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை.

அரிசியைக் கடனுக்கு இறக்கிய கடைக்காரர், கேஸ் தீர்ந்த அன்று தன் வீட்டு சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்த எதிர்வீட்டுத் தம்பி, மீன்பாடி வண்டியை ராத்திரியோடு ராத்திரியாகச் சரிபண்ணிக் கொடுத்த மெக்கானிக், பாத்திரம் கழுவ வந்த சுயஉதவிக் குழுப் பெண்கள், எல்லாருக்கும் கும்பிடு. உங்களுடைய பேராசிரியருக்கும்தான்.

நீங்கள் வந்து "ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிக்கிறோம், ப்ராஜெக்டுக்குக் காசு வேண்டாம்" என்றபோது சமையல் அக்கா "யாருக்குப்பா ஆபரேஷன்?" என்று பதறிப்போய்க் கேட்டது நினைவிருக்கிறதா? அப்புறம் பேராசிரியர் உட்கார்ந்து, அது வேலைகளைக் கணக்குப் போட்டுத் திட்டமிடுகிற படிப்பு என்று விளக்கினார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அட்லாண்டாவில், முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்காக ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்தோல்டியும் பிளாட்ஸ்மேனும் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்களாம். கம்ப்யூட்டர் இல்லை, இரண்டு அட்டைக் கட்டுகள்தான். ஊர் வரைபடம் முழுவதையும் நிரப்புகிற மாதிரி ஒரே கோடு, அந்தக் கோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண். எண் வரிசையில் அட்டையை அடுக்கினால் அதுதான் வண்டி போகும் வழி. ஆள் சேர்ந்தால் அட்டையைச் செருகலாம், போனால் உருவலாம். மிகக் குறுகிய வழியைவிடச் சராசரியாகக் கால்பங்கு கூட வரும், ஆனால் யாரும் கையாளலாம் என்றார். "கையை எடுக்காம போடுற கம்பிக் கோலம்தானே" என்று அக்கா முடித்துவிட்டார்.

கோலத்துக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தெரியாது. அதற்காக உங்களில் ஒருவர் இரண்டு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு, கேட் எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று நோட்டில் எழுதினார். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு என்று பிரித்தது அதனால்தான்.

இதெல்லாம் படிப்பு. நான் சொல்ல வந்தது வேறு.

முதல் நாள் அச்சடித்த பட்டியலைக் கொடுத்தபோது எங்கள் வண்டிக்கார அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் இஷ்டத்துக்குப் போனார். பிடிவாதம் என்று நினைத்து எல்லார் முன்னாலும் நான் கத்தினேன். உங்களில் அந்தச் சேலத்துப் பெண் மட்டும் மறுநாள் வண்டியில் ஏறி, சாப்பாட்டு டிரம்முக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, 64 வீட்டுக்கும் கூடவே போனது. திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒரு செருப்புப் பெட்டி வந்தது. உள்ளே 64 அட்டைகள். மேலே எண், கீழே ஸ்கெட்ச் பேனாவில் படம். மாவு மெஷின், அடி பம்பு, பச்சைக் கதவு, வேப்பமரம், படியில் தூங்கும் நாய். சர்க்கரைக்காரர்களுக்கு மூலையில் சிவப்புப் பொட்டு. "அண்ணா, எனக்கு உங்க ஏரியா சரியா பிடிபடல. படமெல்லாம் கரெக்டா இருக்கான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றது அந்தப் பெண். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இந்த பம்பு லெஃப்ட்ல வரணும்மா. இந்த நாய் செத்துப்போச்சு." அரை மணி நேரம் வாத்தியார் மாதிரி திருத்தினார்.

அவருக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. 11 வருஷமாக அவர் கையில் பேப்பரைத் திணித்த எனக்கு அது தெரியாது. தன் பங்குக்கு வந்த பாதி வீடுகளை மனப்பாடமாக வைத்திருந்தார். இன்னொரு வண்டி நின்று, அந்த வீடுகளும் தலையில் விழுந்தபோதுதான் தடுமாறினார். ஆறிய சோற்றுக்காக அவர் வாங்கிய திட்டையெல்லாம் நான்தான் திட்டினேன். அதற்கும் சேர்த்து இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதும்மா, இன்னா இப்போ" என்றார்.

இனிமேல் யாரிடம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நானும் கூட உட்கார்ந்து ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

போன வாரம் 41ஆம் அட்டையை உருவ வேண்டியதாயிற்று. மாவு மெஷினுக்கு எதிர்வீட்டுப் பாட்டி. அண்ணன் அதைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருக்கிறார், தூக்கி எறிய விடவில்லை.

பரீட்சை முடிந்ததும் எல்லாரும் வாருங்கள். வஞ்சிரத்துக்கு வழியில்லை, காசிமேட்டு நெத்திலிக் குழம்பு நிச்சயம். கேட்டில் உட்கார்ந்த தம்பியின் குடையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு கம்பி உடைந்திருந்தது, தைத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
சமையல்கட்டை நடத்துகிறவள்
தண்டையார்பேட்டை