நம் வீட்டில் எடுத்த படத்தை நம் வகுப்பில் போடுங்கள்

காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நம் செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ ஏதாவது ஒரு தெருவில் ஜெனரேட்டர் வண்டி வந்து நிற்பது நமக்கெல்லாம் பழகிப்போன காட்சி. படமோ சீரியலோ, எடுத்து முடித்துப் போய்விடுகிறார்கள். அப்புறம் அதை நாமும் எல்லோரையும் போல டிவியில் பார்த்துவிட்டு, "அது நம்ம பெரிய வீட்டு முகப்புல்ல?" என்பதோடு சரி. அந்தப் படங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, நம் வரலாற்றை அவை என்ன செய்திருக்கின்றன என்று மாணவர்களை ஆராயவிடுங்கள், அதை ஒரு பாடமாகவே வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

திரையில் நம் வீடு யாருடையது? பெரும்பாலும் நாட்டாமையுடையது. இல்லையென்றால் அரிவாள் ஆட்கள் சூழ வாழும் பண்ணையாருடையது. முகப்பில் பெரிய நாற்காலி ஒன்றைப் போட்டு, அவரை உட்காரவைத்துப் பஞ்சாயத்து நடத்துகிறார்கள். அந்த முகப்பில் நிஜத்தில் உட்கார்ந்திருந்தவர் கணக்கப்பிள்ளை. சரிந்த மூடி வைத்த கைப்பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு, கடல் தாண்டி வந்த கடிதங்களைப் பார்த்து வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இது வானம் பார்த்த பூமி. இங்கே விளைந்ததை விற்று இப்படி ஒரு வீடு கட்டவே முடியாது. தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது. அதை வாங்கிய காசும் பெரும்பாலும் பர்மா, இலங்கை, மலேயாவுக்குக் கொண்டுவிற்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போனவர்கள் சேர்த்ததுதான்.

அந்தக் காசுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சுமார் 25 சதவீதமானது. வீட்டை நாட்டாமைக்குக் கொடுத்ததும் இந்தக் கதை முழுக்கக் காணாமல் போய்விடுகிறது. நாமும் வாய் திறப்பதில்லை. செட்டியாரைக் கஞ்சனாகக் காட்டினால் நமக்குக் கோபம் வரும். கடன் வாங்கியவன் முகமே திரையில் இல்லையே என்று யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் மாணவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கூட்டுக் குடும்பம் இன்னொரு விஷயம். வளவில் (வீட்டின் உள் முற்றத்தில்) நீளமாக இலை போட்டு, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடாத சீரியல் உண்டா? விசேஷ வீடென்றால் சரி. மற்ற நாளில் நம் வழக்கம் வேறு வைத்தல். கல்யாணமான மகனும் மருமகளும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. கொஞ்ச காலத்தில் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் இரட்டை வீடுகள் எனப்படும் இரட்டை அறைகளில் ஒவ்வொன்றும் ஒரு மகனுக்கு, சாவியும் அவரவரிடம். ஒரே கூரை, பல அடுப்பு. சேர்ந்து வாழவும் தெரிந்து, கணக்கைப் பிரித்து வைக்கவும் தெரிந்த ஏற்பாடு இது. எந்தச் சீரியல் மாமியார் சண்டையையும்விட இதில் நாடகம் அதிகம். ஆண்கள் வருடக்கணக்கில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, வரவு செலவையும் வட்டியையும் பார்த்துக்கொண்டவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிகள். திரையில் அவர்களுக்குக் கிடைப்பது பூஜைத் தட்டும் கண்ணீரும்.

ராஜா காலத்துக் கதையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் காட்டுவதை என்னவென்று சொல்ல! அது கண்ணாடித் தகட்டின் மேல் சாயமும் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கல். அதன் வயதைத் தேடிக் கண்டுபிடிப்பதே மாணவருக்கு ஒரு நல்ல பயிற்சி.

சினிமா நமக்கு அந்நியமும் இல்லை. 1940-களில் ஏவி.எம். தன் ஸ்டுடியோவை அமைத்தது காரைக்குடிப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில். 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம்தான். 1952-இல் ஏவி.எம். கூட்டாகத் தயாரித்த 'பராசக்தி' ரங்கூனில் வாழும் அண்ணன் தம்பிகளோடு தொடங்குகிறது. ஜப்பான்காரன் குண்டு போட்டு, லட்சக்கணக்கானோர் பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. அப்படி நடந்து வந்தவர்களும் அந்தப் படத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது என்னவாக இருந்தது? அடுத்த ஐம்பது வருடத்தில் பர்மா நம் திரையிலிருந்து எப்படி மெல்ல நழுவியது? ஒரு முனைவர் பட்டத்துக்கே போதுமான கேள்விகள் இவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை எப்படியிருந்தாலும் காமிரா சுவரையும் சேர்த்தே பிடித்திருக்கிறது. இடித்து, நிலையும் கதவும் தூணுமாகப் பிரித்து விற்கப்பட்ட எத்தனையோ வீடுகள் பழைய படங்களில் முழுசாக நிற்கின்றன. ஒவ்வொரு படமாகப் போட்டு, எந்த வீடு, எந்த ஊர், இப்போது இருக்கிறதா என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். இதுவரை எந்தத் துறையும் தராத ஆவணம் கையில் கிடைக்கும்.

மேற்கொண்டு தேட இடமும் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகப் புத்தகங்களோடு சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் சேர்த்துவைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரால் உள்ள நூலகத்தின் அடித்தளம் அந்தச் சேகரிப்புதான். அவர் சேர்க்காதது நம் வீட்டுப் பரண்களில் இருக்கிறது: கணக்கு நோட்டு, கடிதக் கட்டு, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்த ஓலை. பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன் அவற்றை மாணவர்கள் பார்க்கட்டும். பேச்சு கேட்கப் போகும்போது ஆச்சிகளோடு நிறுத்திவிட வேண்டாம். ஆத்தங்குடியில் கல் போடுகிறவர், மரவேலை ஆசாரி, இந்த வீடுகளில் தலைமுறையாகச் சமைத்தவர் எல்லோருக்கும் இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல விஷயம் உண்டு. அவர்களுக்குத் திரையில் கிடைப்பது பின்னால் நிற்கிற இடம் மட்டும்தான்.

முதலில் விருப்பப் பாடமாக ஒரே ஒரு பருவத்துக்கு வைத்துப் பாருங்கள். படம் போட இடம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு சும்மாதான் கிடக்கிறது. பங்காளிகளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
செட்டிநாட்டு வீடு ஒன்றின் பல பங்குதாரர்களில் ஒருவன்