கோழி இறைச்சியில் கம்பைலோபக்டர் ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்துக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும், உணவு மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தாருக்கும்,

வணக்கம்.

கோழி இறைச்சியில் வயிற்றோட்டம் தரும் பக்டீரியாவான கம்பைலோபக்டர் இல்லை என்று அறிக்கை வந்தால், அது உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். கடையிலிருந்து ஆய்வுகூடம் வந்து சேர்வதற்குள் செத்தும் போயிருக்கலாம். எது நடந்தது என்பதை அறிக்கை சொல்லாது. அதனால் இந்தக் கிருமிக்கென்றே ஒரு மாதிரி எடுக்கும் முறையை எழுத்தில் வகுத்துத் தாருங்கள் என்று கேட்கிறோம். சல்மொனெல்லா போன்ற வேறு உணவுக் கிருமிக்கு எடுப்பதுபோல் எடுத்தால் சரிவராது.

கம்பைலோபக்டர் 30 பாகை செல்சியசுக்குக் கீழே பெருகாது. அதற்குப் பிடித்தது 42 பாகை, ஏறக்குறைய கோழியின் உடல் வெப்பம். 5 சதவீத ஒட்சிசன் அதற்குப் போதும். நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள அளவு அதை வாட்டும். காய்ந்தால் விரைவில் சாகும். ஆனால் 4 பாகையில் ஈரத் தோலில், அறை வெப்பத்தில் இருப்பதைவிட அதிக நாள் உயிரோடிருக்கும். உறையவைத்தால் எண்ணிக்கை குறையுமே தவிர முற்றாக அழியாது. பெருகாத கிருமிதானே என்று விட்டுவிடவும் முடியாது. இந்தக் கிருமியின் சுமார் 500 கலங்கள் கலந்த பாலைக் குடித்த ஒருவர் நோயுற்றது 1981இல் பதிவாகியிருக்கிறது. வயிற்றோட்டம் நின்று சில வாரங்களில் கைகால் செயலிழக்கும் கில்லன்-பாரே நோயும் சிலருக்கு வருகிறது.

மாதிரிக்குக் கழுத்துத் தோல் 25 கிராம் எடுங்கள். கிருமி பெரும்பாலும் தோலில்தான். உட்சதையில் தேடிப் பயனில்லை. தோலுரித்து விற்கும் கடையென்றால் மேற்பரப்பைச் சீவி எடுங்கள். வெட்டுப்பலகையைத் துடைத்தெடுக்கும் பஞ்சு உலர்ந்திருந்தால் அதிலேயே கிருமி செத்துவிடும். நனைத்த பஞ்சால் துடைத்து உடனே, கிருமியை உயிரோடு கொண்டுவர உதவும் கடத்தும் ஊடகத்தில் இடவேண்டும். மாதிரியை ரெஜிபோம் பெட்டியில் 1 முதல் 8 பாகைக்குள் வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. நண்பகல் காலி வீதி நெரிசலில் வெறும் பொலித்தீன் பையில் வந்த மாதிரியை ஆய்வுகூடம் திருப்பி அனுப்பட்டும்.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை எடுத்தால், கிருமியைப் பெருக்கும் பிரெஸ்டன் என்ற திரவ ஊடகத்தில் 41.5 பாகையில் 24 மணி நேரம், பிறகு எம்சிசிடிஏ என்ற திட ஊடகத் தட்டில் (ஏகார்), ஒட்சிசன் குறைத்த ஜாடிக்குள் 44 மணி நேரம். வியாழக்கிழமை தட்டைப் பார்க்கலாம். வியாழக்கிழமை எடுத்த மாதிரியின் தட்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆளின்றிக் காத்திருக்கும். வயதான கலங்கள் வளைவு கெட்டு உருண்டையாகும், மறுவளர்ப்புக்கும் எளிதில் வராது.

பச்சை இறைச்சிக்கு இன்னொரு திரவ ஊடகமான போல்டனைவிட பிரெஸ்டனை நாங்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. போல்டனில் உள்ள செஃபோபெரசோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் பக்டீரியா, கோழியில் சாதாரணமாக இருக்கும். அது தட்டை மூடிவிட்டால் கம்பைலோபக்டர் கண்ணில் படாது. பிரெஸ்டனிலுள்ள பொலிமிக்சின் என்ற மருந்து அதைக் கட்டுப்படுத்தும். ஏகார்த் தட்டுகளை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், அதில் நச்சுப் பொருட்கள் உருவாகும். ஈரத் தட்டில் கொலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) ஒன்றோடொன்று பரவிவிடுமென்பதால் மேற்பரப்பை உலர்த்திய பின்பே பூசுங்கள். சாம்பல் நிறத்தில் தட்டையாகப் பரவிய கொலனி தெரிந்தால், ஜாடியைத் திறந்தவுடனேயே மறுவளர்ப்புக்கு எடுங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் அறிந்த கம்பைலோபக்டர் இட்ட ஒரு தட்டும் ஜாடிக்குள் போகட்டும். அது முளைக்காவிட்டால் அன்றைய ‘இல்லை’ எதையும் அறிக்கையில் எழுதக்கூடாது.

கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்லுங்கள்: கோழியைக் குழாயின் கீழ் கழுவினால் தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்த வல்லாரைக் கீரையில் விழும். கோழிக்கறி கொதிக்கிறது, சம்பல் கொதிப்பதில்லை.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் ஆய்வுகூடப் பணியாளர் சிலர்
கொழும்பு