நிழலை அளந்த ஊருக்கு ஒருமுறை போய் வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம்.

போன மாதம் உங்கள் ஹாஸ்டலில் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை வேகவைத்துக் கொடுத்தார்கள், ஏதோ பண்டிகையாம் என்றாயே? அது தோங்ஜி. வருடத்திலேயே பகல் குறைந்த நாள், நடுப்பகல் நிழல் மிக நீளமாக விழும் நாள். அந்தத் தருணத்தைத் துல்லியமாகப் பிடிப்பதற்கென்றே கட்டிய ஒரு செங்கல் கோபுரம், சீனாவில் நீ படிக்கும் ஜெங்ஜோவிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், காவோசெங் என்ற ஊரில் இருக்கிறது. நீ ஷாவோலின் கோயில் பார்க்கப் போன அதே தெங்ஃபெங் பக்கம்தான். அவ்வளவு கிட்டே போய்விட்டுப் பார்க்காமல் வந்துவிட்டாயே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கட்டியவர் குவோ ஷௌஜிங். சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் 1276-இல் புது நாள்காட்டி வேண்டும் என்றபோது அந்த வேலையில் இறங்கியவர்களில் முக்கியமானவர்.

நீ சொன்ன மறுநாள் நம் மொட்டைமாடியில் ஆறடிக் கம்பி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, நடுப்பகல் நிழலை அளந்தேன். நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றுதான் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான். இந்த நிழல் என்னைத் திணறடித்துவிட்டது. நுனி வெட்டினாற்போல் முடியாமல் ஒரு அங்குல நீளத்துக்கு மங்கிக் கரைகிறது. சூரியன் புள்ளி இல்லையே, வட்டு. மேல் விளிம்பு ஒரு நிழல் போடுகிறது, கீழ் விளிம்பு வேறொன்று.

சீனத்தில் வழக்கமான கம்பம் 8 சீன அடி. இந்தக் கோபுரத்தில் குவோ அதை 40 ஆக்கினார். நிழல் ஐந்து மடங்கு நீளும், ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் மங்கலும் ஐந்து மடங்காகுமே? அதற்கு அவர் கண்ட வழியைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உச்சியில் குறுக்கே ஒரு கட்டை. கீழே நிழல் விழும் அளவுக்கல்லின் மேல், ஊசித்துளை போட்ட ஒரு செப்புத் தகடு. தகட்டைச் சாய்த்து முன்னும் பின்னும் நகர்த்தினால், துளை வழியாகச் சூரியன் ஓர் அரிசி அளவுக்குக் கல்லில் விழும். அந்த அரிசிக்குள்ளே குறுக்குக் கட்டை மெல்லிய கோடாகத் தெரிகிற இடம் எதுவோ, அதுதான் அளவு. மங்கல் போயே போச்சு!

அளவுக்கல் 31 மீட்டருக்கு மேல் நீளம். அதன் மேல் இரண்டு நீர்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் விட்டு மட்டம் பார்க்க. ரசமட்டம் வைத்துப் பார்த்த எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க ஆசை.

பேரரசு நெடுக 27 இடங்களுக்கு ஆள் அனுப்பி அளந்தார்கள். 1281-இல் நடைமுறைக்கு வந்த அவர்கள் நாள்காட்டியில் வருடம் 365.2425 நாள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரின் கணக்கும் அதேதான். ஐரோப்பா அந்தக் கணக்குக்கு மாறத் தொடங்கியது 1582-இல்தான்.

சீனர்கள் அளந்தது மட்டுமில்லை, பார்த்ததைத் தேதி போட்டு எழுதியும் வைத்தார்கள், குவோவுக்கு இருநூறு வருஷம் முன்னாலேயே. 1054 ஜூலையில் ரிஷபத்தின் பக்கம் புதிதாக ஒரு நட்சத்திரம். ‘விருந்தாளி நட்சத்திரம்’ என்று பெயர் வைத்து, 23 நாள் பகலிலேயே தெரிந்தது என்று குறித்தார்கள். இரவில் 1056 வரை விடாமல் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் இன்று நண்டு நெபுலா இருக்கிறது, வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம்.

அப்புறம் ஒன்று. நீ அங்கே போன முதல் வருஷம் ஒரு ராத்திரி, “இங்க நமக்குன்னு யாருப்பா இருக்கா” என்று அழுதாய். தாங் அரச வம்சத்தின் காலத்தில், தலைநகர் சாங்கானின் அரசவையில் வானவியல் பார்த்தவர்களில் கௌதம சித்தர் என்பவர் இருந்தார். இந்திய வம்சம். நம் நவக்கிரகக் கணக்கை 718-இல் சீன மொழியில் கொடுத்தவர் அவர். அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

வெயில் நன்றாக அடிக்கும் நாளாகப் பார்த்துப் போ. நடுப்பகலுக்கு அரைமணி முன்னாலேயே கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள். அந்த நீர்க்கால் எத்தனை விரல் அகலம் என்று உன் கையால் பார்த்து எழுது. அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா